பெட்டி ஆமை வீட்டுக்கு வந்தால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் தத்துக்கு வரும் பெட்டி ஆமைகளில் பல, ஏற்கெனவே ஓரிருவரிடம் வளர்ந்தவை. வளர்த்தவர் வீடு மாறுவார், பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும், வயதானவர் காலமாகிவிடுவார். ஆமை மட்டும் இருக்கும். முப்பது, நாற்பது ஆண்டு என்பது அதற்குச் சாதாரண ஆயுள். ஐம்பதைத் தாண்டுவதும் உண்டு. ஆகவே உங்களிடம் வந்து சேர்வது ஓர் அட்டைப்பெட்டியும், "லெட்டூஸ் போட்டால் போதும்" என்ற ஒற்றை வரி அறிவுரையும்தான். அந்த அறிவுரையை அப்போதே மறந்துவிடுங்கள்.

புதிதாக வந்த ஆமைக்குப் பெரிய ஆபத்து அலட்சியத்தைவிட நம்முடைய ஆர்வம். வந்த அன்றே தேய்த்துக் குளிப்பாட்டுவது, வாயருகே உணவை நீட்டுவது, பார்க்க வருகிறவர்கள் கையில் எல்லாம் கொடுப்பது. அது கத்தாது, கடிப்பதும் அபூர்வம். ஓட்டுக்குள் போய்விடும், அவ்வளவுதான். முதலில் அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு தள்ளி நில்லுங்கள்.

செய்ய வேண்டியவை

அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு கைகளாலும் ஓட்டின் பக்கவாட்டைப் பிடித்து, தரைக்குப் பக்கத்திலேயே தூக்குங்கள். உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். சீறல் இல்லை அது. தலையை உள்ளே இழுக்கும்போது நுரையீரலிலிருந்து காற்று வெளியேறுகிறது. அடிஓட்டின் குறுக்கே ஒரே ஒரு கீல் தெரிய வேண்டும். அந்தக் கீலில் மடிந்து முன்பாதி எழும்பித் தலையையும் முன்கால்களையும் மூடும். பின்பாதி வாலையும் பின்கால்களையும் மூடும். ஆரோக்கியமான ஆமை நன்றாக மூடிக்கொண்டால் இடுக்கில் ஒரு புல்லைக்கூட நுழைக்க முடியாது. கொழுத்துப்போன ஆமையால் முழுதாக மூட முடியாது. முன்பக்கம் மூடினால் பின்னங்கால் வெளியே பிதுங்கும்.

கீலே இல்லாவிட்டால் அது பெட்டி ஆமை இல்லை. இரண்டு கீல்கள் இருந்தால் சேற்று ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையும் விரல்களுக்கிடையே சவ்வும் இருந்தால் செங்காது ஆமை. அதற்கு நீந்துவதற்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும். கழுத்தின் அடியில் பளிச்சென்ற மஞ்சளும் ஒரு கீலும் சேர்ந்திருந்தால் பிளாண்டிங் ஆமையாக இருக்கலாம். பல மாநிலங்களில் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. மாநில வனவிலங்குத் துறையைக் கேட்டுவிட்டு மேலே செய்யுங்கள்.

எந்தப் பெட்டி ஆமை என்பதையும் பிரித்தறியுங்கள். கிழக்குப் பெட்டி ஆமையின் மேல்ஓடு உயர்ந்து குவிந்திருக்கும். கரும்பழுப்பில் மஞ்சளும் ஆரஞ்சும் தெறித்திருக்கும். ஒன்றின் கோலம் இன்னொன்றுக்கு வராது. பின்காலில் பெரும்பாலும் நான்கு விரல்கள். மிசூரி முதல் டெக்சாஸ் வரை காணப்படும் மூவிரல் ஆமை மங்கலான ஆலிவ் நிறம், ஓட்டில் கோலம் குறைவு, பின்காலில் மூன்று விரல்கள். விரலை மட்டும் எண்ணி முடிவுக்கு வராதீர்கள்: புளோரிடா ஆமைக்கும் மூன்றுதான். ஆனால் அதன் கறுத்த ஓட்டில் மெல்லிய மஞ்சள் கோடுகள் கதிர்போல் விரியும், தலையின் இருபக்கமும் மஞ்சள் கோடுகள் ஓடும். மெக்சிகோ வளைகுடாக் கரை ஆமை இவற்றில் பெரியது. அலங்கார ஆமை அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிக்காரர். ஓட்டின் உச்சி தட்டையாக இருக்கும், மஞ்சள் கதிர்கள் அடிஓட்டிலும் உண்டு. கலப்பினங்களும் ஏராளம், அதனால் சில சமயம் அனுபவசாலிகளே தலையைச் சொறிவார்கள்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? அலங்கார ஆமைக்குப் புல்வெளியும் பூச்சியும் வேண்டும், இடம் மாறினால் எளிதில் சுணங்கிப்போகும். புளோரிடா ஆமைக்கு ஈரப்பதமும் வெப்பமும் வேண்டும். வடக்கு மாநிலக் குளிர் அதற்கு ஆகாது. மூவிரல் ஆமை எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகும், முதல்முறை வளர்ப்பவருக்கு அதுதான் தோது. தலையில் மஞ்சள் பட்டைகளோடு தண்ணீரில் சுகமாக நீந்துவது தென்கிழக்கு ஆசியப் பெட்டி ஆமை. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் அதன் வளர்ப்பு முறை முற்றிலும் வேறு.

ஆணா பெண்ணா என்பதும் அப்போதே தெரிந்துவிடும், பெரும்பாலும். ஆணுக்குக் கண் சிவந்திருக்கும், வால் தடித்து நீளும், அடிஓடு உட்குழிந்திருக்கும். பெண்ணுக்குக் கண் பழுப்பு, அடிஓடு தட்டை. வயதை மட்டும் ஓட்டு வளையங்களை எண்ணிச் சொல்ல முடியாது. முதிர்ந்த ஆமையின் வளையங்கள் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும்.

ஆமைக்கான சட்டக் காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சில இடங்களில் அனுமதி வேண்டும், சில இடங்களில் வைத்திருக்கவே கூடாது. 1995 முதல் அமெரிக்கப் பெட்டி ஆமைகள், வனவுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. வேறு நாட்டுக்குக் குடிபெயர்பவர்கள் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டுக் கொண்டுபோக முடியாது.

முடிந்தால் வெளியில் வீடு கட்டுங்கள். எட்டடிக்கு நாலடி என்பது ஒன்றிரண்டு ஆமைக்குக் குறைந்தபட்சம். சுவர் ஒன்றரை அடி உயரம், மண்ணுக்குள் அரையடிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். மெதுவாக நடக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். மூலையில் ஏறி, கீழே தோண்டி, இரண்டு வழியிலும் தப்பிக்கும். ரக்கூன் வரும் ஊரானால் மேலே கம்பிவலை கட்டாயம். காலை வெயில் படட்டும், பாதி இடம் நிழலாக இருக்கட்டும், உதிர்ந்த இலைகள் தாராளமாகக் கிடக்கட்டும்.

வீட்டுக்குள் வளர்க்க நேர்ந்தால் தரைதான் முக்கியம். ரசாயன உரம் கலக்காத தோட்டமண்ணோடு தேங்காய் நார்த்தூள் கலந்து நாலைந்து அங்குலம் பரப்புங்கள் (அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் நார்த்தூள் கட்டிகளில் பல நம்மூர்ப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவைதான்). ஈரம் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். ஒரு முனையில் வெப்ப விளக்குக்குக் கீழே 85 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 29 செல்சியஸ். மறுமுனை 70களில், 21 முதல் 26 செல்சியஸ். யுவிபி (புற ஊதா பி கதிர்) விளக்கு கட்டாயம் வேண்டும். எரிந்துகொண்டிருந்தாலும் யுவிபி குறைந்துபோகும், தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் மாற்றிவிடுங்கள்.

ஊறவையுங்கள். வெதுவெதுப்பான நீர், ஆமையின் தாடைக்கு மேல் போகாத ஆழம், இருபது நிமிடம். பயணத்தில் வறண்டு வந்த ஆமை மூக்கோடு முகத்தை அமிழ்த்தி நெடுநேரம் குடிக்கும், தொண்டை ஏறி இறங்குவது தெரியும். பெரும்பாலும் அங்கேயே கழித்தும் விடும். முகம் சுளிக்காமல் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வையுங்கள், மருத்துவருக்கு அதுதான் தேவை.

ஊர்வன மருத்துவரிடம் காட்டுங்கள். நாய், பூனை மருத்துவர்கள் எல்லோருக்கும் ஆமை தெரியாது. கழிவில் குடற்புழுச் சோதனை, எடை, வாய், கண், காது என்று பார்க்கச் சொல்லுங்கள். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூடியே கிடக்கும் வீங்கிய கண், கண்ணுக்குப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் புடைப்பு: இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். அந்தப் புடைப்பு காதில் கட்டியாக இருக்கும், உணவில் வைட்டமின் ஏ குறைந்தால் வருவதுண்டு.

பலவகையாக ஊட்டுங்கள். பெட்டி ஆமை சைவமில்லை. மண்புழு, நத்தை, சுவர்க்கோழி இவைதான் பாதி. மீதிப்பாதி காளான், பெர்ரி, பூசணி, சர்க்கரைவள்ளி, பப்பாளி, டான்டேலியன் கீரை. குட்டிகளுக்குப் புழு பூச்சி இன்னும் அதிகம் வேண்டும், தினமும் வேண்டும். முதிர்ந்தவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைப் போட்டு வையுங்கள், வேண்டியபோது கடித்துக்கொள்ளும். சாப்பிட மறுக்கிறதா? காலையில் மழை பெய்வதுபோல் நீர் தெளித்துவிட்டு, ஒரு மண்புழுவை நெளியவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆமை கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, அரை நிமிடம் வரை வெறித்துப் பார்க்கும். பிறகு வெடுக்கென்று ஒரு கவ்வல், இரண்டு முன்கால்களாலும் மாறி மாறி வாயைத் துடைத்துக்கொள்ளும். புது இடத்தில் முதிர்ந்த ஆமை ஓரிரு வாரம் சாப்பிடாமலிருப்பது உண்டு.

ஏற்கெனவே ஆமை இருந்தால் புதியதைக் குறைந்தது மூன்று மாதம் தனியே வையுங்கள். பாத்திரமும் தனி.

செய்யக்கூடாதவை

ஆழமான நீரில் விடாதீர்கள். ஆமை என்றாலே தண்ணீர் என்று நினைப்பவர்கள் நீச்சல் தொட்டியில் விட்டு மூழ்கடித்ததுண்டு.

ஐவர்மெக்டின் கொடுக்காதீர்கள். நாய்க்கும் மாட்டுக்கும் புழு மருந்தாகத் தருவதுதான், ஆமையைக் கொன்றுவிடும். எந்தப் புழு மருந்தையும், வைட்டமின் ஏ ஊசியையும் மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

ஜன்னல் வெயிலை நம்பாதீர்கள். கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். வெப்பம் மட்டும் ஏறி, கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் ஆமை வெந்துபோகும்.

ஓட்டுக்கு எண்ணெய் பூசாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள், கயிறு கட்டத் துளை போடாதீர்கள். ஓடு உயிருள்ள எலும்பு. நரம்பும் ரத்தமும் ஓடுகிற இடம். பளபளப்பு வேண்டுமென்றால் வெறும் தண்ணீர் போதும்.

தேவதாரு, பைன் மரச்சீவல் விரிக்காதீர்கள். வெறும் மணலும் சரளைக் கல்லும் கூடாது. நாய், பூனை உணவைத் தினப்படி ஆக்காதீர்கள். அவகாடோ வேண்டாம், மின்மினிப்பூச்சி வேண்டவே வேண்டாம், அது நஞ்சு.

இரண்டு ஆண்களை ஒன்றாக அடைக்காதீர்கள். ஒரு பெண்ணை ஓர் ஆணோடு நெருக்கமான இடத்தில் வைப்பதும் அவளுக்கு ஓயாத தொல்லை. தனியாக இருப்பதில் ஆமைக்கு வருத்தமில்லை.

முதல் குளிர்காலத்தில் உறங்கவைக்காதீர்கள். வெளியில் வாழும் பெட்டி ஆமைகள் மண்ணைத் தோண்டி குளிர்காலம் முழுதும் உறங்கும். ஆனால் எடையும் நோயும் தெரியாத புது ஆமையை அப்படி விட்டால் வசந்தத்தில் எழாமலே போகலாம். முதல் ஆண்டு உள்ளே, விளக்கும் சூடுமாக வைத்திருங்கள்.

முத்தம் கொடுக்காதீர்கள், அடுப்படி சிங்க்கில் அதன் பாத்திரத்தைக் கழுவாதீர்கள். நலமாயிருக்கும் ஆமையும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். குழந்தைகள் வாயில் வைத்துவிடும் அளவுக்குச் சிறிய ஆமைகளால் நோய் பரவியதால்தான் 1975இல் அமெரிக்க அரசு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தூரத்திலிருந்து பார்க்கட்டும்.

நாயோடு தனியே விடாதீர்கள், எத்தனை சாதுவான நாயாக இருந்தாலும்.

பிடிக்கவில்லை என்று காட்டில் விடாதீர்கள். மேரிலாந்தின் பட்டுக்ஸன்ட் காட்டில் 1940களில் உயிரியலாளர் லூசில் ஸ்டிக்கல் தொடங்கிய ஆய்வு, பெட்டி ஆமை தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சில நூறு அடி அகலமுள்ள நிலத்திலேயே கழிப்பதைக் காட்டியது. அந்த நிலம் அதற்கு மனப்பாடம். வேறிடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி நடந்துகொண்டே இருக்கும், சாலையில் அடிபடும், நம் வீட்டு நோயைக் காட்டு ஆமைகளுக்கும் கொடுக்கும். வளர்க்க முடியாவிட்டால் ஆமை மீட்பு அமைப்பிடம் ஒப்படையுங்கள்.

காட்டிலிருந்து எடுத்தும் வராதீர்கள். முட்டையிடும் வயதுக்கு வர ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகும், ஒரு முறைக்கு இடுவது மூன்று முதல் ஆறு முட்டைதான், அதிலும் பலவற்றை ரக்கூனும் நரியும் தோண்டித் தின்னும். ஒரு முதிர்ந்த பெண் ஆமை போனால் ஈடு செய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும். சாலையைக் கடக்கும் ஆமையைக் கண்டால், போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் முகம் வைத்து நடந்துகொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விட்டுவிடுங்கள். திருப்பி விட்டால் மறுபடி சாலையில்தான் இறங்கும்.