குளிர்கால டயர்களை ஒப்பிடும் முறை

மோட்டார் காரின் முழு எடையும் நான்கு டயர்களின் வழியாகவே சாலையின்மீது தங்குகின்றது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவே. காரை ஓடச் செய்யும் விசை, வளைவில் திருப்பும் விசை, நிறுத்தும் விசை ஆகிய மூன்றும் இச்சிறு பரப்பில் எழும் உராய்வினாலேயே கிட்டுகின்றன. சாலையில் வெண்பனி படிந்தாலும், ஈரம் உறைந்து பனிக்கட்டியானாலும் இவ்வுராய்வு பெரிதும் குன்றிவிடும். அந்நிலையில் காரில் செல்வோரின் உயிர் டயரின் தன்மையைப் பொறுத்ததாகின்றது.

பனிக்காலத்திற்கென்றே தனி டயர் செய்யும் முயற்சியில் பின்லாந்து நாடு முன்னோடியாகும். அங்கு 1934-ஆம் ஆண்டில் லாரிகளுக்கும், 1936-ஆம் ஆண்டில் பயணிகள் கார்களுக்கும் குளிர்கால டயர்கள் செய்யப்பட்டன. இன்று வட ஐரோப்பிய நாடுகள், ஜெர்மனி, ஆஸ்திரியா, கனடா, ஜப்பான் முதலிய நாடுகளின் குளிர்ப் பகுதிகளில், இலையுதிர்காலத்தில் கோடை டயர்களைக் கழற்றிவிட்டுக் குளிர்கால டயர்களை மாட்டுவது வழக்கம். அவ்வேளையில் மோட்டார் சங்கங்களும் மோட்டார் இதழ்களும் பல டயர்களைச் சோதித்துத் தரவரிசை வெளியிடுகின்றன.

அத்தகைய பட்டியலைப் படிப்போர், “எந்த டயர் சிறந்தது?” என்று மட்டுமே கேட்பது இயல்பு. ஆனால் இவ்வினா முழுமையற்றது. எந்தச் சாலையில், எந்த வெப்பநிலையில், எந்தச் செயலில் என்பவற்றையும் சேர்த்துக் கேட்டாலன்றிச் சரியான விடை கிடைக்காது. லடாக், காஷ்மீர், இமாசலப் பிரதேசம் ஆகியவற்றின் உயர்ந்த மலைப் பகுதிகளில் பணியாற்றும் களப்பணியாளருக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. ஆசிரியர்களுக்கோ, முறையான சோதனை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை விளக்க இது ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

உராய்வும் நிற்கும் தூரமும்

பிரேக் போட்ட பின் கார் ஓடி நிற்கும் தூரம் இரண்டைப் பொறுத்தது: ஒன்று வேகம், மற்றொன்று உராய்வுக் குணகம். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கால் வகுத்தால் இத்தூரம் கிடைக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 13.9 மீட்டர். இவ்வேகத்தில் செல்லும் காருக்குக் கணக்கிட்டால் வருவன:

உலர்ந்த தார்ச்சாலை (குணகம் ஏறத்தாழ 0.8): 12 மீட்டர்
இறுகிய வெண்பனி (ஏறத்தாழ 0.2): 49 மீட்டர்
வழவழப்பான பனிக்கட்டி (ஏறத்தாழ 0.1): 98 மீட்டர்

உலர்ந்த சாலையில் பன்னிரண்டு மீட்டரில் நிற்கும் கார், பனிக்கட்டியின்மீது நூறு மீட்டர் வரை வழுக்கிச் செல்லும் என்பது இதனால் விளங்கும். இக்கணக்கில் காரின் எடை இடம்பெறவில்லை என்பதையும் மாணவர்கள் கவனித்தல் வேண்டும். கனமான வண்டி பனியில் எளிதில் நின்றுவிடும் என்னும் நம்பிக்கைக்கு இக்கணக்கில் ஆதாரம் இல்லை.

பனிக்கட்டி ஏன் வழுக்குகின்றது? அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய, நீர்போன்ற படலம் ஒன்று உண்டு என்னும் கருத்தை மைக்கேல் பாரடே 1850-ஆம் ஆண்டிலேயே கூறினார். சறுக்கும் பொருளின் உராய்வு வெப்பத்தால் பனிக்கட்டி உருகி நீராகின்றது என்பதை பௌடன், ஹியூஸ் ஆகிய இருவரும் 1939-இல் சோதனைகளால் விளக்கினர். இவ்விரண்டிற்கும் பங்கு உண்டென்று இன்று கருதப்படுகின்றது. ஆகவே வெப்பநிலை சுழிக்கு அருகில் இருக்கும்போதே பனிக்கட்டி மிகுதியாக வழுக்கும். கடுங்குளிரில் உராய்வு சிறிது உயரும்.

குளிரில் ரப்பர் அடையும் மாற்றம்

ரப்பர் வளைந்து கொடுக்கும் பொருள். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் பொருந்துவதாலேயே அது பிடிப்பைத் தருகின்றது. வெப்பநிலை குறையக் குறைய ரப்பர் விறைத்து, ஒரு நிலையில் கண்ணாடிபோல் கடினமாகிவிடும். இதனைக் கண்ணாடிநிலை மாற்றம் என்பர். இயற்கை ரப்பரில் இம்மாற்றம் ஏறத்தாழ சுழிக்குக் கீழே 70 பாகை சென்டிகிரேடில் நிகழ்கின்றது. டயரில் மிகுதியாகப் பயன்படும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் செயற்கை ரப்பரில் இது அதனினும் உயர்ந்த வெப்பநிலையிலேயே நிகழும். அம்மாற்றத்தை எட்டுவதற்கு வெகுமுன்னரே ரப்பர் விறைக்கத் தொடங்குகின்றது.

ஆதலின் குளிர்கால டயரின் மேற்பட்டை, கடுங்குளிரிலும் மென்மை குன்றாத ரப்பர்களாலும் சிலிக்கா சேர்ந்த கலவையாலும் செய்யப்படுகின்றது. மேற்பட்டையின் ரப்பர்க் கட்டிகளில் மெல்லிய கீறல்கள் பலவும் இடப்படுகின்றன. இக்கீறல்களின் விளிம்புகள் வெண்பனியைக் கவ்வுகின்றன. அகன்ற பள்ளங்களில் சிக்கும் வெண்பனி இறுகி, சாலையிலுள்ள வெண்பனியுடன் பற்றிக்கொள்கின்றது. பனியுருண்டையைக் கையால் அழுத்தினால் அது கெட்டிப்படுவது போன்றதே இது.

சராசரி வெப்பநிலை 7 பாகைக்குக் கீழ் இறங்கினால் டயரை மாற்றுக என்று வழங்கும் விதி ஒரு நடைமுறைக் குறிப்பேயன்றி இயற்கையின் எல்லைக்கோடு அன்று. மறுபுறம், மென்மையான டயரை வெப்பமான சாலையில் ஓட்டினால் அது விரைவில் தேயும். நிற்கும் தூரமும் நீளும். ஒரு நிலைமைக்கு நன்மை தருவது மற்றொரு நிலைமைக்குக் கேடாகின்றது. ஒப்பீட்டின் சிக்கல் முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது.

டயர்களின் வகைகள்

முதல் வகை ஆணி டயர். இதன் மேற்பட்டையில் பதித்த சிற்றாணிகளின் முனை டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. ஈரமான பனிக்கட்டியின்மீது இதற்கு நிகரானது அரிது. ஆயினும் பனியற்ற சாலையை அது சுரண்டித் தூசி எழுப்புகின்றது. இரைச்சலும் மிகுதி. ஜெர்மனியில் 1975-ஆம் ஆண்டு முதல் இதற்குப் பொதுவாகத் தடை உண்டு. ஜப்பானில் ஆணி டயர்த் தூசியைத் தடுக்க 1990-இல் சட்டம் இயற்றப்பட்டது.

இரண்டாம் வகை வட ஐரோப்பியக் குளிருக்கென அமைந்த, ஆணியற்ற மென்மையான டயர். பனிக்கட்டியிலும் வெண்பனியிலும் நன்கு பற்றும். மழைநீர் நிறைந்த சாலையில் பின்தங்கும்.

மூன்றாம் வகை மத்திய ஐரோப்பியக் குளிருக்கு உரியது. அங்குச் சாலைகள் பெரும்பாலும் ஈரமாகவும் சில நாட்களில் மட்டுமே பனி மூடியும் இருக்கும். ஆகவே இதன் ரப்பர் சற்றே கடினமானது. ஈரச் சாலையில் சிறந்தும் பனிக்கட்டியில் குறைந்தும் காணப்படும்.

நான்காம் வகை எல்லாப் பருவங்களுக்குமான டயர். இது கோடைக்கும் குளிருக்கும் இடையே செய்துகொள்ளும் உடன்பாடு போன்றது.

சோதனைக் களத்தில் கவனிக்க வேண்டியது

வெண்பனிச் சோதனையின் பெரும் இடர், களம் ஒரே தன்மையாக நில்லாமை. ஒவ்வொரு கார் ஓட்டத்திலும் பனி இறுகி வழவழப்பாகின்றது. வெயில் ஏறுகின்றது. காலையில் சோதித்த டயரையும் மாலையில் சோதித்த டயரையும் அப்படியே ஒப்பிட்டால் முடிவு பிழைபடும். இதனைத் தவிர்க்கவே ஒப்பு டயர் ஒன்றை இடையிடையே மீண்டும் மீண்டும் சோதித்து, மற்ற டயர்களின் அளவை அதனுடன் விகிதப்படுத்துகின்றனர்.

எடுத்துக்காட்டாக, கற்பனையான ஒரு கணக்கைக் கொள்ளலாம். காலையில் ஒப்பு டயர் 40 மீட்டரிலும் ‘அ’ டயர் 38 மீட்டரிலும் நின்றன. மாலையில் ஒப்பு டயர் 44 மீட்டரிலும் ‘ஆ’ டயர் 40 மீட்டரிலும் நின்றன. தூரத்தை மட்டும் நோக்கினால் ‘அ’ சிறந்ததாகத் தோன்றும். விகிதத்தை நோக்கினால் ‘அ’ 0.95, ‘ஆ’ 0.91. உண்மையில் குறைந்த தூரத்தில் நிற்பது ‘ஆ’ டயரே. ஒப்பு டயர் இல்லாதிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும்.

ஒரே கார், ஒரே அளவு டயர், ஒரே காற்றழுத்தம், பலமுறை அளந்து எடுத்த சராசரி ஆகியவையும் இன்றியமையாதவை. சராசரியை மட்டும் கூறாது, ஒரே டயரின் அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டன என்பதையும் காணுதல் நன்று. இரு டயர்களின் வேறுபாடு அதனினும் சிறிதாயின் அவற்றைச் சமம் என்றே கொள்ள வேண்டும்.

எஞ்சிய வேகம்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு டயர் 30 மீட்டரிலும் மற்றொன்று 36 மீட்டரிலும் நிற்பதாகக் கொள்வோர், ஆறு மீட்டர் வேறுபாடு அற்பமே எனக் கருதக்கூடும். ஆனால் முதல் கார் நின்ற இடத்தை இரண்டாம் கார் எட்டும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 20 கிலோமீட்டராகும். அவ்விடத்தில் ஒரு குழந்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தால், முதல் கார் நின்றுவிடும், இரண்டாவது மோதிவிடும். தூரத்தின் விகிதத்தை ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் கண்டு, தொடக்க வேகத்தால் பெருக்கினால் எஞ்சிய வேகம் கிடைக்கும்.

மதிப்பெண்ணில் மறைவது

பட்டியலின் இறுதி மதிப்பெண், பல சோதனைகளின் மதிப்பெண்களை அவற்றின் முக்கியத்துவத்திற்கேற்பக் கூட்டிப் பெறுவதாகும். இதற்கும் ஒரு கற்பனைக் கணக்கு உதவும். பனிக்கட்டியில் ‘க’ டயர் 9, ‘ச’ டயர் 5. ஈரச் சாலையில் ‘க’ 5, ‘ச’ 9. பனிக்கட்டிக்கு 60 விழுக்காடும் ஈரத்திற்கு 40 விழுக்காடும் அளித்தால் ‘க’ 7.4 பெற்று வெல்லும். ‘ச’ பெறுவது 6.6. பனிக்கட்டிக்கு 30, ஈரத்திற்கு 70 என மாற்றினால் ‘ச’ 7.8 பெற்று வெல்லும். ‘க’ பெறுவது 6.2. டயர்கள் மாறவில்லை, அளவீடுகளும் மாறவில்லை. சோதித்தவர் எந்தச் சாலையை மனத்திற்கொண்டார் என்பதே மாறியது. ஆகவே பின்லாந்தின் பட்டியலில் முதலிடம் பெறும் டயர் ஜெர்மனியின் பட்டியலில் பின்தங்கினால் வியப்பதற்கில்லை. பட்டியலைப் பயன்படுத்துவோர் தனித்தனி மதிப்பெண்களை எடுத்து, தம் சாலைக்கேற்ப மீண்டும் கூட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

களப்பணியாளர்க்குச் சில குறிப்புகள்

1. டயரின் பக்கவாட்டில் உள்ள ‘எம்’, ‘எஸ்’ என்னும் எழுத்துக்கள் சேற்றுக்கும் பனிக்கும் உரியதென்று செய்தவர் கூறுவதைக் குறிக்கும். அவற்றிற்குச் சோதனைத் தேர்வு தேவையில்லை. மூன்று சிகரங்களுள்ள மலையும் அதனுள் பனிப்பூவும் கொண்ட குறி, வெண்பனிச் சோதனையில் தேறியதைக் காட்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பனிச் சாலைக்கு இக்குறியுள்ள டயரே ஏற்கப்படுகின்றது. ஆனால் இக்குறி பனிக்கட்டிச் சோதனையைக் குறிப்பதன்று. பனிக்கட்டிப் பிடிப்புக்கென வேறொரு குறி, ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர்ச் சீட்டில் 2021 மே முதல் இடம்பெறுகின்றது.

2. குளிர்கால டயரை நான்கு சக்கரங்களிலும் மாட்டுதல் வேண்டும். முன்சக்கரங்களில் மட்டும் மாட்டினால், பிரேக் போடும்போதும் வளைவிலும் பின்பகுதி வழுக்கி வண்டி சுழன்றுவிடும்.

3. ஐரோப்பிய ஒன்றியத்தில் பள்ளத்தின் பொதுவான குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர். ஆனால் ஸ்வீடன் குளிர்காலத்திற்கு 3 மில்லிமீட்டரும், ஆஸ்திரியா ரேடியல் டயருக்கு 4 மில்லிமீட்டரும் கோருகின்றன. பாதி தேய்ந்த டயர் கோடையில் மொட்டை டயர் ஆகாவிடினும், பனிக்கு உதவாது.

4. குளிரில் காற்றழுத்தம் குறையும். 27 பாகையில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு நிரப்பிய டயர், சுழிக்குக் கீழே 13 பாகையில் ஏறத்தாழ 26 பவுண்டே காட்டும். சமவெளியிலிருந்து மலையேறும் வண்டிகளில் இதனை மறவாது சரிபார்த்தல் வேண்டும்.

5. செங்குத்தான பனிச் சரிவில் டயர் மட்டும் போதாது. சக்கரச் சங்கிலியும் உடனிருத்தல் நலம்.

வகுப்பறைச் சோதனை

பனி காணாத ஊர்களிலும் இப்பாடத்தைச் செய்து காட்டலாம். அகன்ற தட்டில் நீரை உறைய வைத்துச் சமதளமான பனிக்கட்டி அமைக்க. ஒரே அளவுள்ள மூன்று பென்சில் ரப்பர்களை எடுத்துக்கொள்க. ஒன்றை ஒப்புப் பொருளாக வைத்து, இரண்டாவதை மாற்றாமல் விட்டு, மூன்றாவதன் அடியில் பிளேடால் மெல்லிய கீறல்கள் இடுக. ஒவ்வொன்றின்மீதும் ஒரே எடையை வைத்து, வில்தராசினால் கிடையாக இழுத்து, நகரும்போது காட்டும் விசையைக் குறிக்க. விசையை மொத்த எடையால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். ஒப்பு ரப்பரைத் தொடக்கத்திலும் இடையிலும் இறுதியிலும் இழுத்தல் வேண்டும். பனிக்கட்டி உருக உருக அதன் அளவு மாறுவதை மாணவர்கள் தம் கண்ணாலேயே காண்பர். ஒப்பு டயரின் தேவை அப்பொழுது தானே விளங்கும்.

ரப்பர்ப் பந்து ஒன்றைக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் ஓர் இரவு வைத்து, அறை வெப்பநிலையிலுள்ள அதே வகைப் பந்துடன் சேர்த்து ஒரே உயரத்திலிருந்து போடுக. குளிர்ந்த பந்து குறைவாக எழும்புவது, குளிரில் ரப்பரின் தன்மை மாறுவதைக் காட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் குணகம் 0.2 உள்ள வெண்பனியில் எத்தனை மீட்டரில் நிற்கும்? (விடை: ஏறத்தாழ 126 மீட்டர்)

2. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து ஒரு டயர் 45 மீட்டரிலும் மற்றொன்று 60 மீட்டரிலும் நிற்கின்றன. முதலாவது நின்ற இடத்தில் இரண்டாவதன் வேகம் யாது? (விடை: மணிக்கு 30 கிலோமீட்டர்)

3. “இந்த டயரே உலகில் சிறந்தது” என்னும் விளம்பரத்தைக் கண்டால் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்றினை எழுதுக.