காகிதம் சரியாக இருந்தால் போதுமா?

கேள்வி: சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் நடத்துகிறேன். தமிழ்நாட்டிலிருந்து ஒரு சமையல்காரருக்கு மாதம் 2,000 வெள்ளி சம்பளம் காட்டி வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தேன், ஐபிஏ (கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம்) வந்துவிட்டது. அவரையும் சேர்த்து என்னிடம் 22 பேர். வியாபாரம் மந்தமாக இருப்பதால், வங்கியில் 2,000 போட்டுவிட்டு 400 வெள்ளியைக் கையில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜெண்ட். இன்னொரு சமையல்காரரும் தேவை. அதற்குக் கோட்டா (வெளிநாட்டு ஊழியர் வரம்பு) போதவில்லை என்பதால், ஊழியர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட, கடைக்கு வராத தம்பி மனைவி, மாமியார் இருவர் பெயரிலும் போன மாதம் முதல் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கட்டுகிறேன். இரண்டாவது விண்ணப்பம் இன்னும் போகவில்லை. வருபவரின் பாஸ்போர்ட்டைப் பத்திரத்துக்காக நான் வைத்துக்கொள்ளலாமா? காகிதமெல்லாம் சரியாக இருந்தால் பிரச்சினை வராது என்கிறார்கள். உண்மையா?
— உணவக உரிமையாளர்

பதில்: உண்மையில்லை. நீங்கள் கேட்டிருக்கும் மூன்றுமே குற்றங்கள். நல்ல வேளையாக, இவற்றில் பெரும்பகுதியை நீங்கள் இன்னும் செய்யவில்லை. அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 400 வெள்ளி. வேலை கொடுத்ததற்கோ, வேலையில் தொடர்ந்து வைத்திருப்பதற்கோ கைம்மாறாக ஊழியரிடமிருந்து முதலாளி எந்தத் தொகை வாங்கினாலும் அது வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டப்படி குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அதோடு வெளிநாட்டு ஊழியரை வேலைக்கு எடுக்கும் உரிமையும் பறிபோகலாம். “அவரே சம்மதித்துத்தான் கொடுத்தார்” என்ற வாதம் எடுபடாது. நாட்டைவிட்டு வந்து, உங்கள் கையில் பெர்மிட் இருக்கும் நிலையில், அவர் எப்படி மறுப்பார்?

ஐபிஏ கடிதத்தை ஊழியருக்குப் புரியும் மொழியிலேயே அனுப்பவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு, நிரந்தரப் பிடித்தம் எவ்வளவு என்பதை உங்கள் சமையல்காரர் ஊரில் இருக்கும்போதே தமிழில் படித்துவிடுவார். அந்தத் தொகையை நம்பித்தான் வீட்டு நகையை அடகு வைத்து, கடன் வாங்கிக் கிளம்புகிறார்கள். அதில் 400 வெள்ளி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஊரில் கடனுக்கு வட்டி கட்ட அவர் ஒதுக்கி வைத்திருக்கும் பணம் அது. அவர் மனிதவள அமைச்சில் புகார் கொடுத்தால் முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அது முடியாவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். குற்ற வழக்கு அது பாட்டுக்குத் தனியாக நடக்கும்.

சம்பளத்தை முறைப்படி குறைக்க வழி உண்டா என்று கேட்பீர்கள். பொதுவாக உண்டு: ஊழியரின் எழுத்துபூர்வச் சம்மதத்தை முன்கூட்டியே பெற்று, குறைப்பதற்கு முன் அமைச்சுக்கும் தெரிவிக்கவேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து வொர்க் பெர்மிட்டில் சமையல்காரரை எடுக்கலாம் என்ற ஏற்பாடு 2023 செப்டம்பர் 1-இல்தான் வந்தது. அதன் அடிப்படை நிபந்தனையே மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிரந்தரச் சம்பளம். அதற்குக் கீழே போனால் அவருக்கு வொர்க் பெர்மிட் தகுதியே இல்லை.

அடுத்து, சிபிஎஃப் பெயர்கள். மூன்றில் இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மேலே சொன்ன சமையல்காரர் ஏற்பாட்டின் கீழ் வருபவர்கள் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதாவது 25 பேருக்கு இருவர். உங்களிடம் இருப்பது 22. இரண்டாமவர் வந்தால் 23. இன்னும் இருவர் குறைகிறார்கள். அந்த இரண்டு இடத்தில்தான் தம்பி மனைவியும் மாமியாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை செய்யாதவரை ஊழியராகக் காட்டிப் பெர்மிட் கேட்பது பொய் அறிவிப்பு. 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்வது ஏஜெண்ட்டாக இருக்கலாம், அறிவிப்பு உங்களுடையது. அதிகாரிகள் கடைக்கு வந்து “இந்த அம்மா எந்த நேரம் வேலைக்கு வருவார்?” என்று பரிமாறுபவரிடம் கேட்டாலே போதும். விசாரணைக்கு உங்களோடு அந்த இருவரையும் கூப்பிடுவார்கள். குடும்பத்துப் பெண்களை அந்த நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள்.

பணக் கணக்கும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 2024 ஜூலையில் வந்த விதிப்படி, முழு உள்ளூர் ஊழியர் ஒருவராகக் கணக்கில் சேர 1,600 வெள்ளி சம்பளம் வேண்டும். 55 வயது வரை உள்ளவருக்கு முதலாளி பங்கு 17, ஊழியர் பங்கு 20 என 37 விழுக்காடு. தம்பி மனைவிக்கு மட்டும் மாதம் 592 வெள்ளி கட்டுகிறீர்கள், ஒரு தட்டுகூடக் கழுவாத வேலைக்கு. அதே விதியில், 800 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கும் பகுதிநேர ஊழியர் அரை ஆளாகக் கணக்கில் வருவார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வரக்கூடிய உள்ளூர்க்காரர் நால்வரை நிஜமாகவே வைத்தால் உங்களுக்கு வேண்டிய இரண்டு எண்ணிக்கை கிடைத்துவிடும். கூட்ட நேரத்தில் கைக்கு உதவியும் இருக்கும். இந்தத் தொகைகள் அவ்வப்போது உயர்த்தப்படுகின்றன. ஆகவே விண்ணப்பிக்கும் நாளன்று அமைச்சின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். தம்பி மனைவியே உண்மையில் கல்லாவில் வந்து உட்கார்ந்து, சம்பளமும் வாங்கினால் அதில் தவறே இல்லை. உறவினரை வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை.

இப்போது செய்யவேண்டியது: இந்த மாதமே அந்த இரண்டு பெயருக்கும் சிபிஎஃப் கட்டுவதை நிறுத்துங்கள். கட்டியதைத் திருத்துவதற்கு சிபிஎஃப் கழகத்திடம் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். என்ன நடந்தது என்பதைக் கழகத்துக்கு உள்ளபடி எழுதவேண்டும். இதைச் சமாளிக்கப் பழைய தேதி போட்டு வருகைப் பதிவேடு தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால், கேட்காதீர்கள். அது தனிக் குற்றம். கோர்ப்பாஸ் நிறுவனக் கணக்கில் நுழையும் சிங்பாஸ் கடவுச்சொல்லை ஏஜெண்ட்டிடம் கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

பாஸ்போர்ட் அவருடைய ஆவணம். வாங்கி வைத்துக்கொள்வது சிங்கப்பூர்க் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பத்திரம்தான் கவலை என்றால், தங்குமிடத்தில் பூட்டுள்ள அலமாரி ஒன்றை அவருக்குக் கொடுத்து, சாவியை அவரிடமே விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே 5,000 வெள்ளிப் பிணை உத்தரவாதமும் மருத்துவக் காப்புறுதியும் எடுத்திருக்கவேண்டும். மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது. 2023 ஜூலைக்கு முன் இது 15,000 வெள்ளியாக இருந்தது, சிலர் இன்னும் பழைய பாலிசியையே எடுத்துவிடுகிறார்கள். கொதிக்கும் எண்ணெயும் கத்தியும் புழங்கும் சமையலறை என்பதால் வேலைக் காயக் காப்புறுதியும் கட்டாயம். வந்த இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை முடியவேண்டும். லெவி (வெளிநாட்டு ஊழியர் தீர்வை), பிணை, காப்புறுதி எதையும் அவர் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளத்தையும், அதற்கான விவரச் சீட்டையும் கொடுங்கள். பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருங்கள்.

முழு 2,000 வெள்ளியை மாதாமாதம் உங்களால் கொடுக்கமுடியாது என்று கணக்கு சொன்னால், அவர் ஊரில் இருக்கும்போதே கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, ஐபிஏவை ரத்து செய்துவிடுங்கள். அவர் கடன் வாங்குவதற்கு முன் அந்தத் தொலைபேசி அழைப்பு போய்ச் சேரட்டும்.