ஓதத்திலிருந்து மின்சாரம்: வளமும் விலையும்

குஜராத் மாநிலத்தின் அலங் கடற்கரையில் 1983ஆம் ஆண்டு முதல் பழைய கப்பல்களை உடைக்கும் தொழில் நடைபெற்று வருகிறது. இத்தொழில் அங்கு வேரூன்றியமைக்கு முக்கியக் காரணம் அக்கடலின் ஓதமாகும். கடல் உயரும் வேளையில் கப்பல் கரையை நோக்கிச் செலுத்தப்படுகிறது. நீர் வடிந்ததும் அது தரை தட்டி நின்றுவிடுகிறது. பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பலைக் கரையேற்றும் இவ்வாற்றலைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்ய இயலாதா என்னும் கேள்வி, திட்டம் வகுப்போர் முன் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

ஓதத்தின் இயல்பு

சந்திரனும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதால் ஓதம் உண்டாகிறது. இரண்டு உயர் ஓதங்களுக்கு இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமி நாட்களையொட்டி ஏற்ற இறக்கம் மிகுந்தும், அட்டமி நாட்களையொட்டிக் குறைந்தும் காணப்படும். கடற்கரையின் அமைப்பும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டரே. புனல் போன்று குறுகிச் செல்லும் காம்பத் வளைகுடாவிலோ அது 11 மீட்டர் வரை உயர்கிறது. கட்ச் வளைகுடாவில் 8 மீட்டரை எட்டுகிறது. காற்றினால் எழும் அலைகளின் ஆற்றல் வேறு, ஓதத்தின் ஆற்றல் வேறு என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991இல் நிறுவப்பட்ட 150 கிலோவாட் நிலையம் அலையாற்றலைப் பயன்படுத்தியதாகும்.

ஆற்றலின் கணக்கு

கழிமுகத்தின் குறுக்கே அணை கட்டி, கடல் உயரும்போது மதகுகளைத் திறந்து நீரை உள்ளே விடுவர். பின்னர் மதகுகளை மூடி, வெளிக்கடல் போதிய அளவு தாழ்ந்ததும் தேங்கிய நீரைச் சுழலிகளின் வழியே வெளியேற்றுவர். இவ்வாறு கிடைக்கும் ஆற்றல் தேக்கத்தின் பரப்பளவைப் பொறுத்தும், ஓத உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் அமையும். ஒரு சதுர கிலோமீட்டர் தேக்கத்தில் ஓத உயரம் 5 மீட்டர் எனில், ஓர் ஓதத்தில் கோட்பாட்டளவில் சுமார் 35,000 யூனிட் ஆற்றல் உண்டு. உயரம் 10 மீட்டரானால் அது 1,40,000 யூனிட்டாகும். உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இதனாலேயே உலகில் மிகச் சில கடற்கரைகள் மட்டும் இம்முறைக்கு ஏற்றவையாக உள்ளன. நடைமுறையில் கிடைப்பது கோட்பாட்டளவில் ஒரு பகுதியே.

பிற நாடுகளின் அனுபவம்

பிரான்சு நாட்டின் ரான்சு கழிமுகத்தில் 1966இல் தொடங்கப்பட்ட 240 மெகாவாட் நிலையம் 24 சுழலிகளைக் கொண்டது. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யூனிட் உற்பத்தியாகிறது. இது முழுத்திறனில் ஏறத்தாழ 24 விழுக்காடு. கட்டுமானக் காலத்தில் கழிமுகம் கடலிலிருந்து அடைக்கப்பட்டதால் அங்கிருந்த உயிரினங்கள் பெரிதும் அழிந்தன. அவை மீள்வதற்குப் பத்தாண்டுகள் போல ஆயின.

தென் கொரியாவின் சிவா ஏரியில் 2011இல் இயங்கத் தொடங்கிய 254 மெகாவாட் நிலையம் வேறொரு பாடம் கற்பிக்கிறது. அங்கு கடற்சுவர் 1994இலேயே வேறு நோக்கங்களுக்காகக் கட்டப்பட்டுவிட்டது. அதனால் தேங்கிய நீர் மாசடைந்தது. மின் நிலையம் வந்தபின் கடல்நீர் உள்ளும் புறமும் சென்று வந்ததால் நீரின் தரம் உயர்ந்தது. சுவரின் செலவு புதிதன்று, பயனோ இரட்டிப்பு. மாறாக, பிரிட்டனில் சுவான்சீ விரிகுடாவில் புதிதாகச் சுவர் எழுப்பி 320 மெகாவாட் பெறும் திட்டத்தை, செலவுக்கேற்ற பயனில்லை என்று கூறி அந்நாட்டு அரசு 2018இல் ஏற்க மறுத்தது.

இந்தியாவில் மேற்கொண்ட முயற்சிகள்

கட்ச் வளைகுடாவில் 900 மெகாவாட் நிலையம் அமைக்கும் சாத்தியக்கூற்றை மத்திய மின்சார ஆணையம் 1980களில் ஆராய்ந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் கிரிசில் நிறுவனமும் 2014இல் அளித்த ஆய்வு, நாட்டின் ஓத ஆற்றல் வளத்தை 12,455 மெகாவாட் என மதிப்பிட்டது. ஆயினும் வணிக அளவில் ஒரு நிலையமும் எழவில்லை. மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் துர்காதுவானி ஓடையில் திட்டமிடப்பட்ட 3.75 மெகாவாட் நிலையத்தின் மதிப்பீடு சுமார் 238 கோடி ரூபாயாக உயர்ந்தது. கட்ச் வளைகுடாவில் கருதப்பட்ட 50 மெகாவாட் நிலையத்தின் மதிப்பீடு 750 கோடி ரூபாய். அதிகச் செலவு காரணமாக இரண்டும் கைவிடப்பட்டன.

இத்தொகைகளின் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். நிலையம் முழுத்திறனில் 25 விழுக்காடு இயங்குவதாகவும், முதலீட்டுக்கு வட்டி 8 விழுக்காடு எனவும் கொள்வோம். துர்காதுவானியில் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 82 லட்சம் யூனிட்; வட்டி 19 கோடி ரூபாய். ஆகவே வட்டிச் சுமை மட்டுமே யூனிட்டுக்கு 23 ரூபாய்க்கு மேலாகிறது. கட்ச் நிலையத்தில் இது சுமார் ஐந்தரை ரூபாய். தேய்மானமும் பராமரிப்பும் இதில் சேரவில்லை. சூரிய மின்சாரத்திற்கான ஏலங்கள் 3 ரூபாய்க்கும் குறைந்த விலையில் முடிந்துள்ள நிலையில், இவ்வேறுபாடு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

கணக்கில் அடங்காதவை

ஓதமின்சாரத்திற்கு இரு சிறப்புகள் உண்டு. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையைக் கொண்டு உற்பத்தியின் நேரத்தையும் அளவையும் நெடுநாள் முன்னரே அறியலாம். காற்றுக்கும் வெயிலுக்கும் இவ்வுறுதி இல்லை. எனினும் ஓத நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், மாலைத் தேவையுடன் அது எப்போதும் பொருந்துவதில்லை. இரண்டாவதாக, நிலையத்தின் ஆயுள் நீண்டது. ரான்சு நிலையம் அரை நூற்றாண்டைக் கடந்து இயங்குகிறது. வட்டியை அடிப்படையாகக் கொண்ட கணக்கு, பின்வரும் தலைமுறைக்குக் கிட்டும் பயனைக் குறைத்தே மதிக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நர்மதை, தபதி, மாஹி, சபர்மதி ஆறுகள் காம்பத் வளைகுடாவிற்கு வண்டலைக் கொண்டு சேர்க்கின்றன. புகழ்பெற்ற காம்பத் துறைமுகம் நலிந்ததற்கு வண்டல் படிந்ததும் ஒரு காரணம். ஓட்டத்தை அணை தடுத்தால் தேக்கத்திலும் வண்டல் படியும். கட்ச் வளைகுடாவின் தென்கரையிலோ பவளப் பாறைகளும் அலையாத்திக் காடுகளும் நிறைந்த கடல்சார் தேசியப் பூங்கா 1982 முதல் உள்ளது. மீனவரின் பிழைப்பும் இக்கடலைச் சார்ந்ததே. இவற்றின் இழப்பு யூனிட் விலையில் தோன்றாது. ஆனால் அதை யாரேனும் ஏற்றாக வேண்டும்.

முடிவு

கடலாற்றலைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக மத்திய அரசு 2019இல் அறிவித்தது. இது வாயிலைத் திறந்ததேயன்றி, விலையைக் குறைத்துவிடவில்லை. வளம் இருப்பது ஒன்று, அதை ஏற்கத்தக்க செலவில் பெறுவது மற்றொன்று. மின்சாரத்திற்காக மட்டும் கடலை அடைப்பதைவிட, துறைமுகம், வெள்ளத்தடுப்பு, சாலை போன்ற தேவைகளுக்காக எங்கு சுவர் எழ வேண்டியுள்ளதோ அங்கு சுழலிக்கும் இடம் விட்டுத் திட்டமிடுவது அறிவுடைமையாகும். அதுவரை சிறு அளவிலான சோதனைகளும் வண்டல், ஓட்டம் பற்றிய இடைவிடாத அளவீடுகளும் தொடர வேண்டும். ஓதம் நாளையும் வரும். ஒருமுறை தவறாகச் செலவிட்ட முதலீடு திரும்பி வராது.