கத்திரி தொடங்குமுன் வீட்டுத் தண்ணீரை அளந்துவிடுங்கள்

பங்குனி பாதி போய்விட்டது. மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கிவிடும். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மோட்டார் போட்டு மாடித் தொட்டி நிரப்பும் வீடுகள் எல்லாம், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதை இந்த வாரமே அளந்து எழுதிவைக்க வேண்டும்.

தெருவில் லாரிக்குக் காத்திருந்து தண்ணீர் பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சமையலுக்கு எத்தனை குடம், குளிக்க எத்தனை குடம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். சுவிட்சைத் தட்டும் வீடுகளில்தான் கணக்கே கிடையாது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்து சேர்ந்தது. அதுவரை பல வீடுகள் தங்கள் செலவை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அளப்பதற்கு மீட்டர் வேண்டாம். ஒரு குச்சி போதும். தரைத்தொட்டியின் உள் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்குங்கள். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்றால் 3 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் நீர் இறங்கினால் 30 லிட்டர் போயிருக்கிறது. மாடியில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இருந்தால், குறுக்களவு 1.1 மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9.5 லிட்டர். பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு, மூடியைத் திறந்து மேலிருந்தபடியே விட்டுப் பாருங்கள். தரைத்தொட்டிக்குள் இறங்கவே கூடாது. அளந்து முடித்ததும் மூடியைப் பூட்டிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

அளவைத் தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். காலையில் மோட்டார் போடுமுன் எடுப்பது நல்லது. அடுப்படி நாட்காட்டியிலேயே எழுதலாம். கூடவே, தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் மோட்டார் ஓடியது என்பதையும் குறியுங்கள். இந்த இரண்டாவது எண்ணை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். போன மாதம் 20 நிமிடத்தில் நிரம்பிய தொட்டியை அதே மட்டத்திலிருந்து நிரப்ப இப்போது 30 நிமிடம் ஆகிறதென்றால், மின்னழுத்தமும் மோட்டாரும் சரியாக இருக்கும்பட்சத்தில், ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்குகிறது. கிணறு வற்றி மோட்டார் புகைவதற்கு முன்பே நாட்காட்டி இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வாரக் கணக்கை எதோடு ஒப்பிடுவது? பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் திட்ட அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி கிட்டத்தட்ட இரண்டு நாள் வர வேண்டும். தினமும் காலியாகிறதென்றால் யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். முதலில் கசிவைத் தேடுங்கள்.

அதற்கு இரவுதான் சரியான நேரம். எல்லோரும் படுத்தபின் மாடித் தொட்டியை அளந்து, விடியற்காலை யாரும் குழாயைத் திறக்குமுன் மறுபடி அளந்து பாருங்கள். இரவில் கழிப்பறைக்குப் போனவர்களின் கணக்கைக் கழித்த பிறகும் மட்டம் இறங்கியிருந்தால், பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டிதான் காரணம். அதில் சில துளி சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். பீங்கானில் நீலம் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் ஒழுகும் இந்தத் தண்ணீர், குளியலில் மிச்சம் பிடிப்பதையெல்லாம் விழுங்கிவிடும்.

அடுத்தது பாத்திரம் தேய்க்கும் குழாய். ஒரு லிட்டர் பாட்டில் பத்து நொடியில் நிரம்பினால், கால் மணி நேரம் திறந்துவைத்துக் கழுவும்போது 90 லிட்டர் போகிறது. ஒரு பேசினில் பிடித்துக் கழுவுங்கள். ஆர்.ஓ. கருவி பலவற்றில் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவுநீராக வெளியேறுகிறது. அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அது உப்பு கூடிய நீர் என்பதால் செடிக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். குடிநீர் வாரியத் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்பை நீக்க ஆர்.ஓ. தேவையே இல்லை, கிருமிக்குக் காய்ச்சிக் குடித்தால் போதும்.

கணக்கு பார்க்கிறோம் என்று குடிக்கும் தண்ணீரில் கைவைக்காதீர்கள். முதியவர்களின் குளியலையும் குறைக்காதீர்கள். வெயில் காலத்தில் அது அவர்களுக்கு அவசியம். சேர்த்துவைக்கும் பாத்திரங்களை மூடிவைத்து, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் லாரிச் செலவைச் சமமாகப் பங்கிடும் வழக்கம் நியாயமில்லை; சிக்கனமாக இருப்பவர் அடுத்தவர் செலவையும் சுமக்கிறார். வீட்டுக்கு ஒரு மீட்டர் என்ற பேச்சை அடுத்த கூட்டத்திலேயே எடுங்கள். வாஷர், மிதவை வால்வு மாற்ற வேண்டியிருந்தால் பிளம்பரை இந்த வாரமே கூப்பிட்டுவிடுங்கள். சித்திரை பிறந்தபின் அவருக்கு ஓய்வே இருக்காது.