குப்பைப் பள்ளத்தில் ஒரு பாடம்

வங்கியில் இருந்தவரை நான் பட்டாவைப் பார்த்துத்தான் கடன் கொடுத்தேன், மண்ணைப் பார்த்ததில்லை. ஓய்வுபெற்று நிலம் வாங்கியபோதும் அப்படியே செய்தேன். அரை ஏக்கரில் செங்கல் சூளைக்கு மேல்மண் எடுத்திருந்தார்கள். இரண்டு போகம் விதைத்தும் ஒன்றும் தேறவில்லை. வித்துடலாம்னு நினைச்சேன்.

அந்தச் சமயம் மகள் வீட்டுக்கு மெல்போர்ன் போனேன். அங்கே மெரி ஓடைக்கரையில் செரெஸ் என்ற சுற்றுச்சூழல் கல்வி மையம், சுமார் 10 ஏக்கர். முன்பு கல் குவாரி, பிறகு குப்பை கொட்டிய பள்ளம். 1982-இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து தோட்டமாக்கத் தொடங்கினார்கள். சூரியமின் தகடு, மழைநீர்த் தொட்டி எல்லாம் நம்மூரிலும் உண்டு. நான் நின்றுவிட்டது மேட்டுப்பாத்தி பக்கம்தான். மண் இல்லாத இடத்தில் மண்ணை உண்டாக்கியிருக்கிறார்கள்!

ஒன்று கவனிக்கணும். குப்பை கொட்டிய நிலம்னா முதலில் ஈயம் இருக்கான்னு பரிசோதிங்க. எவ்வளவு மட்கு போட்டாலும் ஈயம் மறையாது. அதனால்தான் மேட்டுப்பாத்தி.

என் நிலத்தில் நஞ்சு இல்லை, உயிர்தான் இல்லை. ஊர் திரும்பியதும் பலதானியம் விதைத்தேன். தானியம், பயறு, எண்ணெய்வித்து, தக்கைப்பூண்டு கலந்து ஏக்கருக்கு 20 கிலோ கணக்கு. பூவெடுக்கும்போது, சுமார் 50 நாளில், மடக்கி உழணும். முதல் தடவை முழங்கால்கூட வளரவில்லை. அதையும் மடக்கினேன். மூன்றாம் தடவை இடுப்புக்கு வந்தது, மண்வெட்டியில் மண்புழு புரண்டது. இப்போ அங்கே உளுந்து நிற்குது.