ஐப்பசி ஈரத்தில் காலில் காயமா? பச்சிலைக்கு முன் தண்ணீர்

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. டெல்டாவில் சம்பா நடவும் களையெடுப்பும் ஓடும் இந்த ஐப்பசி, கார்த்திகையில் கால் காய நேரமே இருக்காது. நத்தை ஓடு, கண்ணாடிச் சில்லு, சீமைக்கருவேல முள் என்று ஏதாவது ஒன்று கிழித்துவிடும். வரப்போரத்திலேயே வெட்டுக்காயப் பூண்டு பூத்திருக்கும். பறித்துக் கசக்கிப் பிழியக் கை தானாகப் போகும். சற்றுப் பொறுங்கள். மண்ணோடு படரும் செடி அது. அதன் இலையில் சேறும் சேர்ந்தே வரும்.

முதலில் காயத்தைக் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம்; குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும். மண் போகும்வரை சில நிமிடங்கள் நீரை ஓடவிடுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

ஆணியோ முள்ளோ ஆழமாக ஏறியிருந்தால் எந்தப் பச்சிலையும் வேண்டாம். ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிறது. காற்றுப் புகாத இடத்தில்தான் பெருகும். அரைத்த இலையை அப்பி இறுகக் கட்டினால் அப்படியோர் இடத்தை நாமே அதற்கு அமைத்துக் கொடுக்கிறோம். கடைசியாக ரணஜன்னித் தடுப்பூசியான டி.டி. போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தாலும், போட்டது எப்போது என்று நினைவில்லாவிட்டாலும், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

பச்சிலை நன்றாகக் கைகொடுப்பது சேற்றுப்புண்ணுக்கு. இரவில் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்து உலரவிடுங்கள். பாதி வைத்தியம் அதுவே. பிறகு நன்றாகக் கழுவிய மருதாணி இலையை மஞ்சளோடு மைய அரைத்துப் பூசுங்கள். மருதாணிக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு. கைக்குழந்தைகளுக்கு மட்டும் அதைப் பூசக்கூடாது. தோல் பிளந்து நீர் கசிந்தால் பூச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேலோட்டமான சிராய்ப்புக்குச் சோற்றுக்கற்றாழை நல்லது. மடலை வெட்டி நிமிர்த்தி வைத்தால் மஞ்சள் பால் வடியும். அது எரிச்சல் தரும். வடிந்ததும் கழுவி, உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் தடவுங்கள்.

வெட்டுக்காயப் பூண்டை விட மனமில்லை என்றால் மழை விட்ட பகலில் பறித்து, பலமுறை அலசி, சாறெடுத்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக்கொள்ளுங்கள். சடசடப்பு அடங்கி ஈரம் முழுதும் வற்றியபின் வடிகட்டி, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். பொருக்குத் தட்டி மூடிவரும் காயத்துக்கு மட்டுமே இந்த எண்ணெய்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் பச்சிலை வைத்தியம் எதையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது. தினமும் இரவு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். பார்க்க முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். சிறு புண் தெரிந்தாலும் மறுநாளே மருத்துவமனைக்குப் போங்கள்.

எலிக்காய்ச்சலும் தோல் கிழிசல் வழியாக ஏறும். தேங்கிய நீரில் இறங்கி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். வயலில் இறங்கியதையும் காலில் காயம் பட்டதையும் மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.