சத்திச்சொட்டு ஆராய்ச்சியும் நாடுகளின் கூட்டுறவும்

அறிவுக்கு எல்லை இல்லை என்பது ஆன்றோர் கொள்கை. ஆயின் அறிவைத் தேடிப் புறப்படும் ஆராய்ச்சியாளனுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். அவன் கையாளும் கருவிக்குச் சுங்கத்தீர்வை உண்டு. இரண்டிற்கும் பொருள் இன்றியமையாதது. அப்பொருளை அரசு எவ்வாறு வழங்குதல் வேண்டும், சிறிய நாடொன்று பிறநாட்டாருடன் எந்நிலையில் நின்று கூட்டுச் சேர்தல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இக்காலத்து ஆராய்ச்சியுள் தலையாயதெனப் பலராற் போற்றப்படும் சத்திச்சொட்டுத் தொழினுட்பத்தையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். 'குவாண்டம்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'எவ்வளவு' என்பது பொருள். தமிழ்நாட்டார் அதனைக் குவாண்டம் என்றும் குவையம் என்றும் வழங்குவர். இலங்கையிற் கலைச்சொல் வகுத்த அறிஞர் 'சத்திச்சொட்டு' என்றனர். கருத்தை உள்ளவாறே காட்டும் அழகிய சொல் இது. ஒளி முதலிய சத்தி ஆற்றுநீர்போல இடையறாது ஒழுகுவதாகவே முன்னையோர் எண்ணினர். அது கூரைத் தாழ்வாரத்து மழைநீர்போலச் சொட்டுச் சொட்டாகவே பரிமாறப்படுகின்றது என்று 1900 இல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் பிளாங்க் கருதினார். 1925 இல் ஹைசன்பேர்க் என்பார் இக்கொள்கைக்குரிய புதிய கணிதத்தை வகுத்தார். அதன் நூற்றாண்டை முன்னிட்டே 2025 ஆம் ஆண்டைச் சத்திச்சொட்டு அறிவியலுக்கும் தொழினுட்பத்துக்குமுரிய சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனஞ் செய்தது.

இனி, இத்துறையிலே எல்லை கடந்த கூட்டுறவு எவ்வாறு தழைத்தது என்பதற்கு மூன்று சான்றுகள் காட்டுவாம்.

முதலாவது சான்று டாக்காவிலிருந்து வருவது. டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத போஸ், 1924 இல் தம் கட்டுரையொன்றை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார். ஐன்ஸ்டைன் அதன் அருமையை உணர்ந்து, தாமே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். ஒளிச்சொட்டுக்களைக் கணக்கிடுதற்குரிய புதுமுறை அது. கடிதத்துக்குச் செலவானது தபாற்கூலியே. எனினும் அத்தொடர்பு அவ்வளவில் நின்றுவிடவில்லை. போசுக்கு ஐரோப்பா சென்றுவர இரண்டாண்டு விடுமுறையும் பயணத்துக்கு வேண்டிய பொருளும் அவருடைய பல்கலைக்கழகம் அளித்தது. பாரிசிலும் பேர்லினிலும் பயின்று 1926 இல் அவர் டாக்காவுக்கே மீண்டார். அனுப்புவோரும் வேண்டும், அழைப்போரும் வேண்டும், மீண்டு வருதற்கு ஓரிடமும் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இரண்டாவது சான்று வியன்னாவும் சீனமும். சீனராகிய ஜியன்-வெய் பான் என்பார் வியன்னாவில் அன்ரன் சைலிங்கரிடம் மாணவராகி 1999 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் தாய்நாடு திரும்பியபின் அந்நாட்டரசு பெரும்பொருள் வழங்கிற்று. 2016 இல் 'மோசி' என்னும் பண்டைச் சீன அறிஞரின் பெயர்பூண்ட செய்மதி விண்ணிற் செலுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, ஏறத்தாழ 7,600 கிலோமீற்றர் இடைப்பட்ட பேச்சிங்கிலும் வியன்னாவிலுமிருந்து இருநாட்டு அறிவியற் கழகத் தலைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு உரையாடினர். அவ்வுரையாடலைக் காத்த மறைகுறிச் சாவி, அச்செய்மதி அனுப்பிய ஒளிச்சொட்டுக்களின் துணைகொண்டு அமைக்கப்பட்டதாகும். ஒளிச்சொட்டை இடையில் ஒருவன் அளந்து பார்ப்பானாயின் அதன் நிலை மாறிவிடும். ஆகவே களவு நடந்தமை தானே வெளிப்படும். ஆசிரியர் ஒரு நாட்டிலும் மாணாக்கர் மற்றொரு நாட்டிலும் இருக்க, இருநாட்டுப் பொருளும் சேர்ந்து விளைத்த பயன் இது. சைலிங்கர் 2022 இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

மூன்றாவது சான்று நமக்கு மிக அணித்து. கண்டி நகரின் மேல் எழுந்து நிற்கும் ஹந்தானை மலைச்சாரலிலே தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் உளது. 1981 ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் நிறுவப்பட்டுப் பின்னர் கண்டியில் நிலைபெற்ற அரசு நிறுவகம் இது. இதன் ஆராய்ச்சிகளுள் ஒன்று சூரிய ஒளியை மின்னாக்கும் கலங்களைப் பற்றியது. அக்கலங்களிற் சிலவற்றில் 'சத்திச்சொட்டுப் புள்ளிகள்' பயன்படுத்தப்பட்டுள்ளன. இவை ஈயச் சல்பைட்டு, கட்மியம் சல்பைட்டு முதலிய குறைகடத்திப் பொருள்களின் மிகச் சிறிய துகள்கள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுட் சில கூறுகளின் அளவே உடையன. இவற்றின் வியப்பு யாதெனின், பொருள் ஒன்றேயாயினும் துகளின் அளவு வேறுபடின் அது கவரும் ஒளியின் நிறமும் வேறுபடும் என்பதே. மிகச் சிறியது நீல ஒளியைக் கவரும். சற்றுப் பெரியது செவ்வொளியையுங் கவரும். இப்புள்ளிகளைக் கண்டறிந்தும் ஆக்கியும் தந்த மூவருக்கு 2023 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வாராய்ச்சிக்குப் பின்னே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியலார் சுவீடன் நாட்டாரோடு நெடுங்காலம் பேணிய தொடர்பு உண்டு. உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் 1961 இற் பௌதிகவியலுக்கெனத் தொடங்கிய சர்வதேச அறிவியல் திட்டம், சுவீடன் அரசின் பொருள்கொண்டு, வளர்ந்துவரும் நாடுகளின் ஆய்வுக்குழுக்களுக்கு உதவிற்று. பேராதனைக் குழுவும் அவ்வுதவி பெற்றது. கோத்தன்பேர்க்கிலுள்ள சாமேர்ஸ் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கட்டுரைகள் பல வெளியிட்டது. இத்திட்டம் தனியொருவருக்குச் சீட்டு வாங்கிக் கொடுப்பதோடு அமையாது, ஓர் ஆய்வுக்குழுவை அதன் சொந்த நாட்டிலேயே பல்லாண்டு தாங்கியது. அதுவே அதன் சிறப்பு.

நிற்க. இம்மூன்று சான்றுகளாலும் பெறப்படும் உண்மை யாது? இரு கை தட்டினாலன்றி ஓசை எழாது. பிறநாட்டார் தரும் பொருள் எவ்வளவு பெரிதாயினும், அதனை ஏற்று வளர்க்கத் தன்னாட்டுப் பொருளும் இடமும் ஆளும் இல்லையாயின், அது கூட்டுறவு ஆகாது, கொடையாகவே நின்றுவிடும். கொடை நின்றவன்று ஆய்வும் நின்றுபோம். விலையுயர்ந்த கருவியொன்றை அன்பளிப்பாகப் பெறுதல் எளிது. அது பழுதுறின் உதிரிப்பாகம் வாங்கவும், இயக்குவானுக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுக்கவும் வேண்டுவது நம் திறைசேரியின் பணமே. அந்நியச் செலாவணி அருகிய 2022 ஆம் ஆண்டை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெரிய நாடுகள் இதனை நன்குணர்ந்துள்ளன. 2023 ஏப்ரல் 19 ஆம் நாள் இந்திய அமைச்சரவை, 2031 வரையிலான தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி இந்திய ரூபாய் ஒதுக்கியது. பெங்களூர், சென்னை, மும்பாய், தில்லி என்னும் நான்கிடங்களில் அதன் மையங்கள் அமைந்தன. இவற்றுட் சென்னை மையம் செய்தித்தொடர்புக்குரியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், குவாண்டம், செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளிலே கூட்டாக முயல்வோர்க்கென 20 இலட்சம் டொலர் நிதியொன்றை இந்தியாவும் ஐக்கிய அமெரிக்காவும் அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் நூறு கோடி யூரோ அளவினதாகப் பத்தாண்டுத் திட்டமொன்றைத் தொடங்கியது. மறுபுறம், 2024 இல் ஐக்கிய அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகள் சிலவும் சத்திச்சொட்டுக் கணினிகளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தன. கதவுகள் ஒருபுறம் திறக்கவும் மறுபுறம் அடைபடவுங் காண்கின்றோம். உள்ளே இடம்பெறாதார் வெளியே நிற்கும் காலம் நீளும்.

இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. இச்சிறு பொருளைக்கொண்டு சத்திச்சொட்டுக் கணினி அமைத்தல் இயலாது. அமைக்க முயலுதலும் தக்கதன்று. ஆயினும், பிறநாட்டு நிதிக்கு ஈடாக நாமும் ஒரு பங்கு இடுதல் இயலும்; வெளிநாட்டிற் பயின்று மீள்வோர்க்கு முதல் ஐந்தாண்டுக்காவது ஆய்வுப் பொருள் உறுதிசெய்தல் இயலும்; ஆய்வுக் கருவிக்கும் இரசாயனப் பொருளுக்கும் சுங்கத் தாமதத்தை நீக்குதல் இயலும். இம்மூன்றும் பெருஞ்செல்வம் வேண்டுவன அல்ல. உறுதி வேண்டுவன.

இவ்வுறுதி இல்லாவிடின் நாம் இழப்பது கருவிகளை அன்று, மக்களையே. கேம்பிரிட்ஜிலே சத்திச்சொட்டுக் கொள்கையின் பெருந்தலைவருள் ஒருவராகிய டிராக்கிடம் பயின்றவர் நம் நாட்டுத் தமிழர் சீ. ஜே. எலியேசர். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கிய அவர், பின்னர் மலாயாவுக்கும், அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குஞ் சென்றார். அவர் புகழ் நமக்குப் பெருமையே. ஆயினும் அவரிடம் பாடங்கேட்டிருக்கக் கூடிய மாணவர் பரம்பரையொன்று அந்நாடுகளுக்கு உரியதாயிற்று. அவருக்குப்பின் கடல் கடந்தோரை எண்ணப் புகின் விரல்கள் போதா.

மாணவர்களே! ஹந்தானை நிறுவகம் நம் நகரின் மலைமீதே உளது. பேராதனைப் பல்கலைக்கழகம் மகாவலிக் கரையில் உளது. இவற்றை அடைதற்கு முதலில் வேண்டுவது கணிதம். அடுத்து வேண்டுவது தாய்மொழியிலே தெளிந்த சிந்தனையும் பிறமொழியிலே பிழையற்ற எழுத்தும். போஸ் அனுப்பிய கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. அதனுட் பொதிந்த சிந்தனை அவருடையது.

பழைய மாணவர்களே! விழாக்காலத்தில் மண்டபமும் வாயிற்றோரணமும் அமைத்தல் நன்றே. அவற்றோடு, ஆண்டுதோறும் ஒரு மாணவனை ஆய்வுக்கூடம் வரை கொண்டுசேர்க்கும் சிறு நிதியொன்றையும் நிறுவுவீராயின், அரசு செய்யவேண்டுவதற்கு நீவிர் வழிகாட்டியோராவீர். பிறர் கைநீட்டும்போது பற்றிக்கொள்ள நம் கையும் நீண்டிருத்தல் வேண்டும். அதற்குரிய வலிமையை நம் கல்லூரி நல்குவதாக!